டிப் கோட்டர் வாங்கி ஒன்பது மாசம்: மோட்டார் தங்கம், பெட்டி தகரம்

மெசோபோரஸ் ஃபிலிம் (உள்ள நானோ சைஸ் ஓட்டை நிறைஞ்ச மெல்லிசான படலம்), சோல்-ஜெல் கோட்டிங் (திரவமாப் பூசி இறுக வைக்கறது)னு ஏதாவது பண்றவங்க யாராவது இன்னும் கொட்டேஷன் வாங்கற ஸ்டேஜ்லயே இருந்தா, இதைப் படிச்சுட்டு பர்ச்சேஸ் ஆர்டர் போடுங்க. கம்பெனி பேரு சொல்லப் போறதில்ல, ஏன்னா நாளைக்கு ரிப்பேர்னா அவங்களைத்தான் கூப்பிடணும், எங்க கைடும் திட்டுவாரு. இந்தியாவுலயே அசெம்பிள் பண்ற ஒரு டேபிள் டாப் டிப் கோட்டர், சுத்தி அக்ரிலிக் பெட்டி, டச் ஸ்கிரீன், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து ரெண்டு லட்சத்துக்கு கொஞ்சம் மேல. பிராஜெக்ட் ஃபண்ட் மார்ச் மாசம் லேப்ஸ் ஆகப்போகுதுன்னு அடிச்சுப் பிடிச்சு வாங்குனது, அதனால டெமோ எல்லாம் கேக்க நேரமே இல்ல, அது எங்க தப்பு.

மெஷின் என்ன பண்ணும்னா, ஒரு கிளிப்ல சிலிக்கான் துண்டையோ கண்ணாடி ஸ்லைடையோ மாட்டுவோம், அது மெதுவா கீழ இறங்கி பீக்கர்ல இருக்கற சோல்ல, அதாவது எத்தனால்ல கெமிக்கல் கலந்த கோட்டிங் திரவத்துல, முங்கும், கொஞ்ச நேரம் நிக்கும், அப்புறம் நாம சொன்ன வேகத்துல மேல வரும். அவ்வளவுதான். கிணத்துல வாளி விடற மாதிரி. இதுக்கு எதுக்கு ரெண்டு லட்சம்னு எங்க அப்பா கேட்டாரு, நியாயமான கேள்வி, ஆனா வாளி வினாடிக்கு 1 மிமீ வேகத்துல ஆடாம அசையாம மேல வரணும்னா அதுக்குத்தான் காசு.

ஆனா ஒன்பது மாசம் யூஸ் பண்ணதுல எனக்குப் புரிஞ்சது வேற. மெஷின் தூக்கறதோட சரி, ஃபிலிமை உண்மையில கட்டறது எத்தனால் கிளம்பிப் போற அந்த சில வினாடிதான். கம்பெனிக்காரங்க தூக்கறதுக்கு மண்டையைப் பிச்சுக்கிட்டு டிசைன் பண்ணியிருக்காங்க, எத்தனால் எப்படிப் போகும், எங்க போகும்னு ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. இந்த ரிவ்யூ முழுக்க அந்தப் புலம்பல்தான்.

நாங்க போடறது சிலிக்கா ஃபிலிம், உள்ள 2, 3 நானோமீட்டர் சைஸ்ல ஓட்டை, எல்லாம் தேன்கூடு மாதிரி வரிசையா இருக்கணும். இந்த வகை மெட்டீரியலை 1992-ல மொபில் கம்பெனி ஆளுங்க பொடியாப் பண்ணி வெளியிட்டாங்க, அதை ஃபிலிமா போடற வேலை 1997-ல ஜெஃப்ரி பிரிங்கர் குரூப், அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலம் ஆல்புகர்க்கில இருக்கற சாண்டியா லேப்ல, இதே டிப் கோட்டிங்ல பண்ணாங்க, நேச்சர்ல வந்துச்சு. 1999-ல அவங்களே எழுதுன ஒரு பேப்பர் டைட்டில்லயே இதெல்லாம் இனிமே ஈஸிங்கற மாதிரி போட்டிருப்பாங்க. ஈஸிதான் சார், நீங்க உக்காந்திருக்கறது பாலைவனத்து ஊரு. நாங்க சென்னையில கடலுக்கு நாலு கிலோமீட்டர்ல உக்காந்திருக்கோம்.

சோல்ல என்ன இருக்கு? டியோஸ் (சிலிக்கா இதுல இருந்துதான் வருது), தண்ணி, துளி எச்சிஎல் ஆசிட், சிடாப், மிச்சம் எல்லாம் எத்தனால். சிடாப் ஒரு சோப்பு மாதிரி மாலிக்யூல், தலைக்கு தண்ணி பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. வெறும் தண்ணியில போட்டா லிட்டருக்கு 0.9 மில்லிமோல் தாண்டுன உடனே வாலை உள்ள வச்சு தலையை வெளிய காட்டி உருண்டையா கூடிக்கும், ஆனா சுத்தி நெறைய எத்தனால் இருந்தா வாலுக்கும் அது வசதியா இருக்கறதால கூடவே கூடாது, தனித்தனியா சுத்திக்கிட்டிருக்கும். ஆக பீக்கர்ல இருக்கறப்ப அது சும்மா தண்ணி மாதிரி தெளிஞ்ச ஒரு திரவம், உள்ள ஒரு அமைப்பும் கிடையாது. ஸ்லைடு மேல வந்த உடனே மெல்லிசா ஒட்டிக்கிட்டிருக்கற லேயர்ல இருந்து மொதல்ல ஓடிப்போறது எத்தனால். 20 டிகிரியில அதோட ஆவி அழுத்தம் 5.8 கிலோபாஸ்கல் கிட்ட, தண்ணிக்கு 2.3-தான். இஞ்செக்ஷன் போடறதுக்கு முன்னாடி நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சு தேய்ப்பாங்கல்ல, சில்லுனு ஆகி அடுத்த நொடி காஞ்சிடும், அதே கதை. எத்தனால் போகப் போக மிச்சம் இருக்கற தண்ணியில சிடாப் நெருக்கடி ஆகுது, கூடுது, அப்புறம் உருண்டை நீண்டு குச்சி ஆகுது, குச்சி எல்லாம் அறுகோணமா அடுக்கிக்குது, இதுக்குள்ள சிலிக்கா இறுகிடக்கூடாது, இறுகுனா அடுக்க முடியாது. அதுக்குத்தான் எச்சிஎல் விட்டு பிஎச் 2 கிட்ட வச்சிருக்கோம், அங்கதான் சிலிக்கா ஒன்னோட ஒன்னு கோர்க்கறது ரொம்ப ஸ்லோவா இருக்கும். கடைசியில ஃபர்னஸ்ல 400 டிகிரி வரைக்கும் மெதுவா சூடு பண்ணா சிடாப் எரிஞ்சு போயிடும், அது இருந்த இடம் ஓட்டை.

அதாவது யாரும் கையால எதையும் அடுக்கல. எத்தனால் எழுந்து போகுது, மத்தவங்க தானா வரிசையில நிக்கறாங்க. எனக்கு இன்னும் ஆச்சரியமாத்தான் இருக்கு.

இப்ப மெஷினுக்கு வருவோம். மோட்டார் அருமை, இதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வினாடிக்கு 0.01 மிமீ-ல இருந்து 10 மிமீ வரைக்கும்னு பிரோஷர்ல போட்டிருந்தான், நான் ஸ்கேல் வச்சு ஸ்டாப் வாட்ச் வச்சு 0.05, 1, 5 மூணும் செக் பண்ணேன், சரியா இருக்கு. நடுக்கம் கிடையாது. எங்க சீனியர் அக்கா பக்கத்து டிபார்ட்மென்ட்ல ஸ்டெப்பர் மோட்டாரும் நூலும் வச்சு சொந்தமா ஒன்னு பண்ணியிருந்தாங்க, அதுல போட்ட ஃபிலிம்ல குறுக்க குறுக்க கோடு விழும், ஜமக்காளம் மாதிரி. இதுல அது இல்ல. வேகம் எதுக்கு முக்கியம்னா, வேகத்தை ரெண்டு மடங்கு பண்ணா ஃபிலிம் கிட்டத்தட்ட 1.6 மடங்கு தடிக்கும், லாண்டாவ்-லெவிச் கணக்கு, வேகத்தோட மூணுல ரெண்டு பங்கு பவர். ஆனா ரொம்ப மெதுவா, வினாடிக்கு 0.1 மிமீ-க்கும் கீழ போனீங்கன்னா கதை தலைகீழ், மெதுவா இழுக்க இழுக்க தடிமன் கூடும், ஏன்னா அங்க இழுக்கற வேகத்தை எத்தனால் போற வேகம் முந்திடுது, ஸ்லைடும் திரவமும் தொடற அந்த ஓரத்துலயே சரக்கு சேர ஆரம்பிச்சிடுது. மேனுவல்ல இது ஒரு வரி கூட இல்ல, "மெதுவாக இழுத்தால் மெல்லிய படலம் கிடைக்கும்"னு மட்டும் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் போட்டு வச்சிருக்கான். அதை நம்பி 0.03-ல போட்டு ஃபர்னஸ்ல வெடிச்சு உரிஞ்சு போன ஸ்லைடு எங்கிட்ட ஒரு டப்பா நிறைய இருக்கு.

ஒரு தடவையாவது கிட்ட உக்காந்து பாருங்க, மொபைல் டார்ச்சை சாய்ச்சு அடிச்சு. சிலிக்கான் துண்டு சோல்ல இருந்து எழும்பும், கீழ ஈரமா பளபளன்னு இருக்கும், திரவ மட்டத்துக்கு சில மிமீ மேல குறுக்க ஒரு கோடு தெரியும். அதுதான் காயற கோடு. துண்டு மேல போய்க்கிட்டே இருக்கும், கோடு மட்டும் அதே உயரத்துல நிக்கும், படகு போனாலும் கரை நிக்கற மாதிரி. கோட்டுக்குக் கீழ பச்சையும் ரோஸும் நெருக்கமா வரி வரியா ஓடும், ரோட்டுல மழைத்தண்ணியில பெட்ரோல் சிந்துனா வருமே அந்தக் கலர், லேயர் மெலிய மெலிய கலர் மாறுது. கோட்டைத் தாண்டுன உடனே ஒரே கலர்ல அடங்கிடும். அந்தக் கோடு நேரா, அமைதியா இருந்தா அன்னைக்கு ஃபிலிம் நல்லா வந்திருக்குன்னு எக்ஸ்ஆர்டி (உள்ள அடுக்கு வரிசையா இருக்கான்னு எக்ஸ்ரே வச்சுப் பாக்கற டெஸ்ட்) எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன். கோடு நெளிஞ்சா போச்சு. ஒரு நாள் யாரோ கதவைத் திறந்துட்டு "அக்கா ஹாட் பிளேட் இருக்கா"ன்னு கேட்டான், அவன் கேட்ட நேரம் கோடு ஒரு பக்கமா குதிச்சுது, அந்த ஸ்லைடுல இப்பவும் அந்தக் கேள்வி ஒரு சாய்ஞ்ச பட்டையா பதிஞ்சிருக்கு.

சரி, காத்து படாம இருக்கத்தானே பெட்டி குடுத்திருக்கான்னு கேப்பீங்க. அந்தப் பெட்டியாலதான் மூணு மாசம் போச்சு.

மொத பிரச்சனை, பெட்டிய முழுசா மூடிட்டா உள்ள எத்தனால் ஆவி தேங்கும். எத்தனால் ஆவி காத்தை விட கனம், ஒன்றரை மடங்குக்கும் மேல, அதனால அது எழும்பி மேல இருக்கற ஓட்டை வழியா போகும்னு நெனச்சா போகாது, அடியில பீக்கரைச் சுத்தியே குளம் மாதிரி நிக்கும். பெட்டி டிசைன் பண்ணவரு எக்ஸாஸ்ட் ஓட்டையை மேல கூரையில வச்சிருக்காரு. சமையக்கட்டு சிம்னின்னு நெனச்சிருப்பாரு போல. விளைவு என்னன்னா, ஸ்லைடு மேல வந்தும் கீழ்ப்பாதி காயவே மாட்டேங்குது, காயற கோடு மேல மேல ஏறிப் போயிடுது, திரவம் வழிஞ்சு கீழ்நுனியில சொட்டு கட்டி நிக்குது. ஒரே ஸ்லைடுல மேல ஒரு கலர், நடுவுல ஒரு கலர், கீழ ஒரு கலர். போன்ல சர்வீஸ் ஆள் கிட்ட சொன்னேன். "மேடம், அப்ப கதவைக் கொஞ்சம் திறந்து வச்சுக்கோங்க"ன்னாரு. திறந்து வச்சா ஏசி காத்து வருது, அதுக்கு பெட்டியே எதுக்குங்க? "இல்ல மேடம், தூசி விழாது." அதுக்கு மேல நான் என்ன பேச.

கடைசியில நாங்களே பின்பக்கம் அடியில ரெண்டு ஓட்டை போட்டு, மீன் தொட்டிக்கு போடற பம்ப் இருக்குல்ல, அதோட டியூபை மேல பக்கமா விட்டு ரொம்ப மெதுவா காத்து உள்ள வர்ற மாதிரி பண்ணோம், கீழ ஓட்டை வழியா ஆவி வெளிய போய் ஃபியூம் ஹுட்ல (லேப்ல ஆவியை உறிஞ்சி வெளிய தள்ற கூண்டு) சேர்ந்துடும். பம்ப் விலை முந்நூத்தி அம்பது ரூபா. அன்னையில இருந்து கலர் ஒரே சீரா வருது.

ரெண்டாவது ஈரப்பதம். இது மெஷின் தப்பு இல்ல, ஊர் தப்பு, ஆனா மெஷின் விக்கறவன் ஊரைத் தெரிஞ்சு விக்கணும். எத்தனால் போன பிறகு ஃபிலிம்ல மிச்சம் இருக்கற தண்ணி எவ்வளவுங்கறது சுத்தி இருக்கற காத்தைப் பொறுத்தது, ஃபிலிம் காத்தோட தண்ணியைக் குடுத்து வாங்கிக்கிட்டே இருக்கும், அந்த நேரத்துல சிலிக்கா இன்னும் இறுகாம இளகலா இருக்கும். காத்து ரொம்ப வறண்டிருந்தா ஒழுங்கா அடுக்கறதுக்குள்ள எல்லாம் உறைஞ்சிடும், 40 சதவீதத்துல ஒரு அமைப்பு வந்தா 60-ல வேற அமைப்பு கூட வரலாம், அதுக்கு மேல ரொம்பப் போனா வெள்ளையா பூத்துடும். பாரிஸ்ல டேவிட் குரோஸோ, கிளெமென்ட் சான்செஸ் குரூப் 2004 வாக்குல இதைத்தான் விளக்கமா எழுதுனாங்க, ரெசிபியை மாத்தாம ஈரப்பதத்தை மட்டும் திருகி அமைப்பை மாத்தலாம்னு. எங்களுக்கு அது திருகாமலே மாறுச்சு. அக்டோபர்ல நல்லா வந்த ரெசிபி, அதே பாட்டில் கெமிக்கல், அதே வேகம், நவம்பர் மழையில போட்டா எக்ஸ்ஆர்டில 2.2 டிகிரி கிட்ட வர வேண்டிய, அடுக்கு வரிசையைக் காட்டற பீக்கே காணோம், ஸ்லைடு பாக்கறதுக்கு பால் ஆடை மாதிரி இருக்கு. எத்தனால் போறப்ப ஸ்லைடோட சூட்டையும் எடுத்துக்கிட்டுப் போகுது, ஸ்லைடு சில்லுனு ஆகுது, மழைக்காலக் காத்துல இருக்கற ஈரம் அது மேல பனி மாதிரி படியுது, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பாட்டில் வேர்க்கற மாதிரி. அதுதான் அந்த வெள்ளை.

பெட்டிக்குள்ள ஈரப்பதம் காட்டற டிஸ்பிளே ஒன்னு இருக்கு, பிரோஷர்ல அதை பெருசா போட்டிருப்பான். காட்டத்தான் செய்யும், கன்ட்ரோல் பண்ணாது. காட்டறதும் கோட்டிங் நடக்கறப்ப நம்ப முடியாது, அந்த மாதிரி சின்ன சென்சார் எத்தனால் ஆவியையும் ஈரம்னு எடுத்துக்கும், நம்பர் தாறுமாறா ஏறும். சோல் பீக்கரை உள்ள வைக்கறதுக்கு முன்னாடியே ரீடிங் எடுத்துடுங்க.

இதுக்கு நாங்க கண்டுபிடிச்ச, இல்ல, பழைய கெமிஸ்ட்ரி புக்ல இருக்கற வழி, உப்புக் கரைசல். கரையாம அடியில உப்பு நிக்கற அளவுக்கு கலக்கி ஒரு தட்டுல ஊத்தி பெட்டிக்குள்ள வச்சா உள்ள காத்து ஒரு நிலையான ஈரத்துக்கு வந்து நிக்கும். சாதா உப்புன்னா 25 டிகிரியில 75 சதவீதம், மெக்னீசியம் நைட்ரேட்னா 53, பொட்டாசியம் கார்பனேட்னா 43. நாங்க மெக்னீசியம் நைட்ரேட்டுல செட்டில் ஆயிட்டோம், பம்ப் காத்தையும் அதே கரைசல் பாட்டில் வழியா குமிழ் விட்டு அனுப்பறோம். ஓவர்நைட் வச்சுட்டு காலையில கோட்டிங் போட்டா டிசம்பர்லயும் பீக் வந்துச்சு. அன்னைக்கு கைடு காபி வாங்கிக் குடுத்தாரு, நான் சேர்ந்த நாள்ல இருந்து அதுதான் ஃபர்ஸ்ட் டைம்.

மூணாவது விஷயம் கொஞ்சம் சீரியஸ். டாப் மாடல்ல "குயிக் டிரை" ஆப்ஷன்னு பெட்டிக்குள்ள ஒரு ஹீட்டர் காயில் வச்சுத் தர்றாங்க, எக்ஸ்ட்ரா இருபதாயிரம். தயவு செஞ்சு எத்தனால் சோலுக்கு அதை வாங்காதீங்க. எத்தனாலோட ஃபிளாஷ் பாயின்ட் 13, 14 டிகிரி, அதாவது ஊட்டி குளிரைத் தவிர நம்ம ஊர்ல எந்த ரூம்லயும் அது ரெடியா பத்திக்கற ஆவியை விட்டுக்கிட்டேதான் இருக்கும், காத்துல 3.3 சதவீதம் சேர்ந்தா போதும். மூடுன பெட்டி, அடியில தேங்குன ஆவி, பக்கத்துல சிவக்கற காயில். பண்றது ஆராய்ச்சி, தீபாவளி இல்ல. நல்ல வேளை எங்களுக்கு பட்ஜெட் பத்தல. அதோட சூடு காட்டி வேகமா காய வைக்கறதே இந்த வேலைக்கு ஆகாது, வரிசையில நிக்கறதுக்கு முன்னாடி எல்லாரையும் நெட்டித் தள்ளுன மாதிரி ஆயிடும்.

கூட குடுக்கற பீக்கர் ஹோல்டர் 100 மில்லி அகல வாய் பீக்கருக்குத்தான் செட் ஆகுது, அதுவும் ஒரு தொல்லை. ஸ்லைடுல இருந்து மட்டுமா எத்தனால் போகுது, பீக்கர்ல இருந்தும்தான் நாள் முழுக்க போகுது. காலையில பத்து மணிக்குப் போட்ட மொத ஸ்லைடும் ஒரு மணிக்குப் போட்ட பன்னெண்டாவதும் ஒன்னு இல்ல, சோல் கெட்டியாகி ஃபிலிம் தடிச்சுக்கிட்டே போயிருக்கு, நான் அதை ரெண்டு வாரம் வேகத்தோட எஃபெக்ட்னு நெனச்சு கிராஃப் வேற போட்டு வச்சிருந்தேன். இப்ப ஒடுக்கமான கண்ணாடிக் குப்பி, மேல டெஃப்லான் மூடியில ஸ்லைடு நுழையற அளவுக்கு ஒரு கீறல், நாலு ஸ்லைடுக்கு ஒருக்கா புது சோல். வேகத்தையும் வரிசையா ஏத்தாம கலைச்சுப் போடறேன்.

ஸ்லைடோட ரெண்டு பக்க ஓரமும் எப்பவும் கொஞ்சம் தடிச்சுத்தான் வரும், அதுக்கு மெஷினைத் திட்ட வேண்டாம். டிகாஷன் சிந்திக் காஞ்சா ஓரத்துல மட்டும் கருப்பா வளையம் விழும்ல, ஓரத்துல வேகமா ஆவியாகறதால நடுவுல இருக்கற திரவம் ஓரத்துக்கு ஓடுது, 1997-ல சிகாகோ ஆளுங்க அதை காபிக் கறையை வச்சே விளக்குனாங்க. ஓரத்தை விட்டுட்டு நடுவுல அளந்துக்கோங்க.

ஒரு ஜூனியர் ஏரோஜெல் (உள்ள பெரும்பாலும் காத்தா இருக்கற, ரொம்ப லேசான ஜெல்) பண்றான், அவன் இந்த மெஷினைக் கேட்டான், குடுக்கல. அவனுக்கு எத்தனால் சும்மா ஆவியாகவே கூடாது, ஆவியானா ஜெல் சுருங்கி நொறுங்கிடும், அதனால அழுத்தத்துல கார்பன் டை ஆக்சைடு வச்சு எத்தனாலை மாத்தி எடுத்துத்தான் காய வைக்கணும். எங்களுக்கு சாமி, அவனுக்கு பூதம்.

எத்தனால் பத்தியும் ஒரு வார்த்தை. அப்சல்யூட் ஆல்கஹால்தான் வேணும், சாதா ரெக்டிஃபைட் ஸ்பிரிட்ல 4, 5 சதவீதம் தண்ணி இருக்கும், எவ்வளவு வடிச்சாலும் எடைக்கு 95.6-க்கு மேல ஏறாது, அங்க ரெண்டும் சேர்ந்தே கொதிக்கும். அந்தத் தண்ணியையும் கணக்குல சேர்க்காம ரெசிபி போட்டா டியோஸ் வேற மாதிரி ஓடும். திறந்த பாட்டில் மழைக்காலத்துல ரெண்டு மாசம் நின்னா அதுவும் ஈரத்தை இழுத்துக்கும். ஆனா இங்க அப்சல்யூட் வாங்கறதுக்கு பர்மிட், ரிஜிஸ்டர், கையெழுத்து, ஸ்டோர்ல அண்ணா ஒவ்வொரு 500 மில்லிக்கும் "என்னம்மா, போன வாரம்தானே வாங்குன, எங்க போச்சு"ன்னு ஒரு பார்வை பார்ப்பாரு. காத்துல போச்சுண்ணா. நெசமாவே காத்துலதான் போச்சு, அதுதான் எக்ஸ்பெரிமென்ட்டே. அவரு நம்பவே இல்ல.

சர்வீஸ் பரவாயில்ல, டச் ஸ்கிரீன் ஒரு தடவை தொங்குனப்ப மூணாவது நாள் ஆள் வந்து போர்டு மாத்திட்டாரு, காசு கேக்கல. கிளிப் ஸ்பிரிங் எச்சிஎல் ஆவியில துரு பிடிச்சுது, அதுக்கு பதிலா பிளாஸ்டிக் கிளிப் கேட்டா ஆயிரத்து எழுநூறுன்னாங்க, நாங்க துணி காயப் போடற கிளிப்பை அரத்தால ராவி மாட்டிட்டோம், இன்னைக்கு வரைக்கும் ஓடுது.

மார்க் போடணும்னா மோட்டாருக்கு அஞ்சுக்கு நாலரை, பெட்டிக்கு ஒன்னு, மேனுவலுக்கு ஒன்னு கூட கிடையாது. சோலார் செல், ஆக்சைடு கோட்டிங்னு சும்மா ஒரு லேயர் போட்டா போதும்னு இருக்கறவங்களுக்கு அப்படியே வாங்கலாம், குறை தெரியாது. நம்மள மாதிரி உள்ள அடுக்கு அமைப்பு வேணுங்கறவங்க மெஷினோட கூட ஒரு பத்தாயிரத்தை பம்ப், உப்பு, நல்ல ஹைக்ரோமீட்டர், அக்ரிலிக் கடைக்காரருக்குன்னு எடுத்து வச்சுக்கோங்க. பக்கத்து லேப்ல இப்ப இதே மாடல் வாங்கப் போறாங்க, என்னைக் கேட்டாங்க. பெட்டி இல்லாம வெறும் மோட்டார் ஸ்டாண்ட் மட்டும் என்ன ரேட்னு கம்பெனிக்கு மெயில் போட்டு ஒரு வாரம் ஆச்சு, "பெட்டிதான் மேடம் எங்க ஸ்பெஷாலிட்டி"ன்னு பதில் வந்திருக்கு.